ரிமாண்ட் என்ற நல்ல செய்தி

போன சனிக்கிழமை காலை பதினொரு மணி. எங்கள் வீட்டு மணி அடித்தது. ஒரு தரம் இல்லை... விடாமல்.

சுவிஸில், எங்கள் ஊஸ்டர் நகரத்தில் ஒருவர் அப்படி மணி அடித்தால் ஒரே காரணம்தான் இருக்க முடியும். உங்கள் முறை இல்லாத நாளில் நீங்கள் கட்டடத்தின் கீழே எல்லா வீட்டுக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையைப் பிடித்துவிட்டீர்கள். அம்மா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா பனிச்சறுக்குப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தால் செல்வி அக்கா.

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். முதியோர் இல்லம் ஒன்றில் சலவைப் பகுதியில் வேலை. வேலை உடுப்போடேயே ஓடி வந்திருந்தார். நெஞ்சில் பெயர் அட்டை தொங்கியபடி. கையில் போன்.

“தம்பி... ஜெயனை ரிமாண்ட் பண்ணிப்போட்டாங்கள்.”

ஜெயன் அவருடைய ஒரே தம்பி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊரில், கோழி பொரிக்கிற கடையில் வேலை செய்கிறான். எட்டு வருடமாக அகதி வழக்கு. குடிவரவு நீதிபதி மாட்டேன் என்றார். அதற்கு மேலே இருக்கிற சபையும் மாட்டேன் என்றது. கடைசியாக மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். அந்தத் தீர்ப்புத்தான் வந்திருக்கிறது.

ரிமாண்ட்!

அந்தச் சொல் எங்கள் வீட்டில் சும்மா சொல் இல்லை. பேப்பரில் ‘விளக்கமறியல்’ என்று நீட்டி எழுதுவார்கள். வாயில் வருவது ரிமாண்ட்தான். அப்பா கொழும்பில் பதினொரு மாதம் ரிமாண்டில் இருந்தவர். எந்த வழக்கும் இல்லாமல். பிறகு ஒருநாள் ‘நீ போகலாம்’ என்று சொன்னார்களாம். அதற்கும் காரணம் சொல்லவில்லை.

அப்பா டீவியை நிறுத்தினார்.

“எந்த ஜெயில் தங்கச்சி?” என்று கேட்டார். இவ்வளவுதான். மற்ற ஆட்கள் ‘ஏன்’ என்று கேட்பார்கள். அனுபவப்பட்டவர் ‘எங்கே’ என்றுதான் கேட்பார்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என்னுடைய கெட்ட பழக்கம் தெரியும். நான் சட்டம் படிக்கிறவன். அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா எட்டு... எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்தவன் நான். ஊஸ்டரில் ரயில் ஏறினால் சூரிச்சில் இறங்கும்வரை அமெரிக்கத் தீர்ப்புகளை வாசித்துக்கொண்டு போவேன். ஏன் அமெரிக்கா? இங்கே சுவிஸ் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இலக்கம் போட்டு, பெயரை மறைத்து, மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும். அமெரிக்க நீதிபதிகளோ பேசுவார்கள். ஆளின் பெயரைத் தலைப்பிலேயே போடுவார்கள். நையாண்டி செய்வார்கள். மூவரில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ‘என் கூட்டாளிகள் பிழை விடுகிறார்கள்’ என்று அதே தீர்ப்பின் அடியில் எழுதி வைப்பார். அதைப் பற்றிப் பேராசிரியர்கள் அன்றைக்கே இணையத்தில் சண்டை போடுவார்கள். டீக்கடை வாங்கில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்ட நான் அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? செல்வி அக்கா ‘ரிமாண்ட்’ என்றதும், முழுசாக ஐந்து விநாடி, கம்பிகளுக்குப் பின்னால் நிற்கிற ஜெயனைத்தான் கண்டேன்.

மூளை சட்டம் படித்தது. வயிறு படிக்கவில்லையே! அது அப்பாவின் கதைகளில் வளர்ந்த வயிறு.

ஆறாவது விநாடியில்தான் மூளைக்கு உறைத்தது. “அக்கா, அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கோ.”

போனில் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று, ஜெயனுடைய வழக்கறிஞரான பெண்மணி அவனுக்குப் போட்ட மின்னஞ்சல். அதைத்தான் அவன் அக்காவுக்குத் தள்ளிவிட்டிருந்தான். ஒரே வரி. ‘ரிமாண்டட்!!! உடனே என்னைக் கூப்பிடு.’ மூன்று ஆச்சரியக்குறி. கூடவே தீர்ப்பு.

மற்றது, ஜெயனின் குரல்.

“அக்கா... இரவு வேலையால வந்துதான் பாத்தனான். ரிமாண்டாம். லோயரம்மா திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறா, எனக்குத் திருப்பி எடுக்கப் பயமாக் கிடக்கு. வந்து பிடிக்க முதல் நான் வெளிக்கிடுறன். ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. எங்கை எண்டு இறங்கினாப்பிறகு சொல்லுறன். போனை நிப்பாட்டப் போறன். அழாதை என்ன.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள் அக்கா?”

“போ எண்டு சொன்னன். எங்கையாவது போயிடு எண்டு.” குரல் உடைந்துவிட்டது. “வேற என்னத்தைத் தம்பி சொல்லுறது?”

அங்கே ஆறு மணி என்றால் இங்கே பன்னிரண்டு.

நான் தீர்ப்பைத் திறந்தேன். ஒன்பது பக்கம். தீர்ப்பு வாசிக்கிறவர்களுக்கு ஒரு திருட்டுப் பழக்கம் உண்டு... கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்போம். துப்பறியும் கதையில் அது பாவம். தீர்ப்பில் பரவாயில்லை. கடைசி வரி: மனு ஏற்கப்பட்டது. சபையின் முடிவு நீக்கப்பட்டது. பிறகு அந்தச் சொல். ரிமாண்டட்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பு.

“அக்கா! இது ரிமாண்ட் இல்லை!”

“ரிமாண்ட் எண்டுதானே கிடக்கு? எனக்கு வாசிக்கத் தெரியாதோ?”

“ரிமாண்ட்தான்... ஆனா அந்த ரிமாண்ட் இல்லை.”

“எத்தினை ரிமாண்ட் தம்பி இருக்கு?”

“இது நல்ல ரிமாண்ட், அக்கா.”

அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “நல்ல ரிமாண்டோ?” என்றார், மெதுவாக.

சரி, விளக்கமாகச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். ஜெர்மனில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. போன வருடப் பரீட்சையில் அதைப் பற்றித்தான் ஒரு கேள்வி வந்தது. ஆறுக்கு ஐந்தரை எடுத்தவன் நான். அதை அப்படியே நல்ல தமிழில் செல்வி அக்காவுக்குச் சொன்னேன்:

“ஒண்டும் இல்லை அக்கா. திருப்பி அனுப்பியிருக்கினம்.”

செல்வி அக்கா எங்கள் வீட்டு வாசலில் இருக்கிற சப்பாத்துத் தட்டின் மேலே பொத்தென்று இருந்துவிட்டார்.

“எப்ப பிளேன்?” என்று கேட்டார்.

என் உச்சந்தலையில் ஒரு குட்டு விழுந்தது. அம்மா. “கம்பஸில உதோடா படிப்பிக்கினம்?”

நான் என்ன பிழை விட்டேன்? யோசித்துப் பாருங்கள். தமிழில் ஒரு வசதி இருக்கிறது... செயப்படுபொருளை விழுங்கிவிட்டுப் பேசலாம். ‘சாப்பிட்டாச்சோ?’ என்றால் போதும், ‘சோற்றை’ என்று சொல்லத் தேவையில்லை. நான் ‘வழக்கை’ என்ற ஒரே ஒரு சொல்லை விழுங்கிவிட்டேன். வழக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் — கீழே இருக்கிற சபைக்கு, ‘இன்னொருக்கால் பார்’ என்று. ஆனால் அகதியாக வந்த ஒருவரிடம் ‘திருப்பி அனுப்பியிருக்கினம்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த வெற்றிடத்தில் அவர் வழக்கையா போடுவார்? ஆளைத்தான் போடுவார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்கியே விடுவார்.

ஐந்தரைப் புள்ளி ஜெர்மனில். குட்டு தமிழில்.

“வழக்கை, அக்கா! வழக்கைத்தான் திருப்பி அனுப்பியிருக்கினம். ஆளை இல்லை. மேல இருக்கிற கோட்ஸ், கீழ இருக்கிற ஆக்களுக்குச் சொல்லுது... நீங்கள் சரியாப் பாக்கேல்லை, உங்கட முடிவை நான் கிழிச்சுப்போட்டன், திரும்ப வடிவாப் பாருங்கோ எண்டு.”

செல்வி அக்கா பெயர் அட்டையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“அப்ப... கறை போகேல்லை எண்டு மேல்மாடியில இருந்து விரிப்பு எங்களுக்குத் திரும்பி வாற மாதிரியோ?”

“எப்பிடி அக்கா?”

“துணியை எறிய மாட்டினம். திரும்பத் தோய் எண்டு சலவைக்கு அனுப்புவினம். ஒரு சீட்டும் குத்தி விடுவினம்.”

“ஓம் அக்கா! அதேதான்! இந்த ஒன்பது பக்கமும் அந்தச் சீட்டுத்தான்.”

“அப்ப பிழை தோய்ச்சவையில. துணியில இல்லை.”

நான் எத்தனையோ சட்ட விளக்கவுரை வாசித்திருக்கிறேன். அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு போட்ட கட்டுரைகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக எவரும் சொன்னதில்லை.

அடுத்த விநாடியே அக்கா எழும்பினார். “அப்ப அவன் ஏன் ஓடுறான்?!”

அதுதான் விஷயம். இப்போது விளையாட்டு இல்லை. ஜெயன் விலாசத்தை விட்டுப் போனால், அடுத்த விசாரணைக்கான அழைப்பு பழைய கதவில் போய் நிற்கும். அவன் வர மாட்டான். வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, ஆள் இல்லாமலேயே நாடுகடத்தும் உத்தரவு போட முடியும். எட்டு வருடம் காத்திருந்து வென்ற வழக்கை, வென்ற அன்றைக்கே, ஓடியே தோற்க முடியும். ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டதற்காக!

மணி பதினொன்றே கால்.

அக்கா போனை வாயருகே வைத்தார். “டேய் ஜெயன், ரிமாண்ட் இல்லையடா...” என்று தொடங்கினார். நிறுத்தினார். அழித்தார். என்னைப் பார்த்தார். “எப்பிடித் தம்பி சொல்லுறது? நானும் உம்மை மாதிரிச் சொல்லிப்போடுவன்.”

“வெண்டாச்சு எண்டு முதல்ல சொல்லுங்கோ. மிச்சம் பிறகு.”

“ஜெயன்! நீ வெண்டிட்டாய்! கேஸ் வெண்டிட்டாய்! பஸ் ஏறாதை. உன்னைப் பிடிக்க ஒருத்தரும் வரேல்லை. கோட்ஸ் உன்ர பக்கமடா. பஸ் ஏறாதை!”

அனுப்பினார். ஒரு டிக். சாம்பல் நிறத்தில் ஒற்றை டிக்.

எடுத்தார். ஜெயனின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திரும்ப எடுத்தார். திரும்பவும் அதே.

என்ன செய்வது? காத்திருப்பதுதான். அம்மா தேத்தண்ணி வைத்தார். செல்வி அக்கா போனை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்த ஒற்றை டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாதான் கேட்டார். “கீழ உள்ளவை ஏனாம் மாட்டம் எண்டவை?”

நான் தீர்ப்பை முதல் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொன்னேன். தலைப்பு — ஜெயன் எதிர் அமெரிக்காவின் சட்டமா அதிபர், அதாவது அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞர்.

“சட்டமா அதிபரோடயோ கொழுவினவன்?” செல்வி அக்காவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சின்ன வெளிச்சம். “பள்ளிக்கூடத்தில மொனிற்றருக்கே பயப்பிடுவான்.”

நடந்தது இதுதான். அகதி விண்ணப்பத்தில் ஜெயன் எழுதியிருக்கிறான்: உடன்பிறந்தவர்கள் — ஒரு சகோதரி. விசாரணையில், மொழிபெயர்ப்பாளர் வழியாக, நீதிபதி கேட்கிறார்: உன்னைத் தேடி ஆட்கள் வந்ததாக உனக்குச் சொன்னது யார்? ஜெயன் தமிழில் சொல்கிறான்: “அண்ணை வந்து சொன்னவர்.” மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்கிறார்: என் மூத்த சகோதரர்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

— உனக்குச் சகோதரர் இருக்கிறாரா?

— இல்லை.

— அப்படியென்றால் உனக்கு வந்து சொன்னது யார்?

— என் மூத்த சகோதரர்.

இதை மூன்று தரம் கேட்டிருக்கிறார் அந்த மனிதர். மூன்று தரமும் ஜெயன் அதே பதிலைச் சொல்லியிருக்கிறான். சத்தியமான பதில்! முடிவு: ‘மனுதாரர் நம்பத்தகுந்தவர் அல்ல.’

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியாது.

“மணியண்ணையைத்தான் சொல்லியிருக்கிறான்,” என்றார் செல்வி அக்கா. “சந்தியில சைக்கிள் கடை வைச்சிருந்தவர். ஊரே அண்ணை எண்டுதான் கூப்பிடும். அவரின்ர மனுசியே சில நேரம் அண்ணை எண்டு கூப்பிட்டிட்டு நாக்கைக் கடிக்கும்.”

நீதிபதிக்கு மேலே இருக்கிற சபைக்குப் போனபோது, ஜெயனின் வழக்கறிஞர் இதை விளக்கி எழுதியிருக்கிறார். எங்கள் ஆட்களிடம் ‘அண்ணை’ என்பது மரியாதைச் சொல், மூத்த ஆம்பிளை எவரையும் அப்படிக் கூப்பிடலாம் என்று. சபை அந்த விளக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஏற்கிறோம் என்றும் இல்லை, ஏற்கவில்லை என்றும் இல்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டாத மாதிரி.

மேன்முறையீட்டு நீதிமன்றம் பிடித்தது அங்கேதான். இரண்டு நீதிபதிகள் எழுதியிருப்பதன் சாரம் இது: விளக்கத்தை நீங்கள் நம்பலாம், நம்பாமல் விடலாம். ஆனால் வாசிக்காத மாதிரி இருக்க முடியாது. காரணம் சொல்லு.

அப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, “அதைத் திரும்ப வாசி,” என்றார்.

வாசித்தேன்.

“காரணம் சொல்லு,” என்று தனக்குள்ளே ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பதினொரு மாதம் உள்ளே வைத்ததற்கும், வெளியே விட்டதற்கும் காரணம் கேட்க முடியாதவர். யாரோ ஒரு பெடியனுக்காக, ஒரு வல்லரசின் சபையைப் பார்த்து அதே நாட்டின் கோட்ஸ் ‘காரணம் சொல்லு’ என்று கேட்கிறது. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் எட்டாம் பக்கத்துக்குத் தாவிவிட்டேன்.

எட்டாம் பக்கத்தில் மூன்றாவது நீதிபதி. ஒத்துக்கொள்ளாதவர். சொன்னேனே, அமெரிக்காவில் அவர்கள் சும்மா போக மாட்டார்கள் என்று. அவர் கேட்கிறார்: இந்தச் சொல் அவ்வளவு சாதாரணமானது என்றால், விசாரணை நாளிலேயே மனுதாரர் ஏன் அதைச் சொல்லவில்லை? மூன்று தரம் சந்தர்ப்பம் கொடுத்தார்களே?

எனக்கு அந்த மனிதரில் கோபம் கோபமாக வந்தது. “இவரை விடுங்கோ அக்கா. தோத்தவர். இவரின்ர கதை இனிச் செல்லாது.”

செல்வி அக்கா தலையை ஆட்டினார். “இல்லைத் தம்பி. அந்த மனுசன் கேட்டது ஞாயம்தானே? வழக்கு திரும்பப் போகுதெண்டால், கீழ இருக்கிறவையும் இதைத்தானே கேப்பினம்?”

தீர்ப்பின் மாற்றுக் கருத்து எதற்கு என்று எங்களுக்கு ஒரு பேராசிரியர் இரண்டு மணித்தியாலம் விரிவுரை செய்திருக்கிறார். நாளைய கேள்வியை இன்றைக்கே சொல்லிவிடுகிறது — அதுதான் அதன் உபயோகம் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இதற்குள் என் கை சும்மா இருக்காமல், குடிவரவுத் தீர்ப்புகளைப் பற்றி அமெரிக்க வழக்கறிஞர் ஒருவர் எழுதுகிற இணையப் பக்கத்தைத் திறந்தது. ஜெயனின் வழக்கும் அங்கே இருந்தது! ஒரே வரி. ‘வழமையான ரிமாண்ட். புதிதாக ஒன்றும் இல்லை.’ கூடவே, ‘வெளியிடப்படாத தீர்ப்பு’ என்று ஒரு குறிப்பு. இது ஒரு வேடிக்கை. முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம் என்று நினைக்கிற தீர்ப்பை அவர்கள் ‘வெளியிடப்படாதது’ என்பார்கள். அந்த வெளியிடப்படாத தீர்ப்பை இணையத்தில் வெளியிட்டிருப்பார்கள். ஊஸ்டரில் சமையலறை மேசையில் இருந்து நாலு பேர் வாசிக்கலாம்.

புதிதாக ஒன்றும் இல்லையாம்! நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் ஒரு நாளைக்கு இருபது தீர்ப்பு வாசிக்கிறவர். வைத்தியசாலையில் தாதிக்கு ஒவ்வொரு பிள்ளைப்பேறும் வழமையானதுதான். பெறுகிறவளிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா?

“தம்பி!”

செல்வி அக்காவின் கத்தலில் அம்மாவின் கையில் இருந்த பால் சிந்தியது.

இரண்டு டிக்.

பிறகு நீலம்.

பிறகு... ஒன்றுமே இல்லை. ஒரு நிமிடம். ஒன்றரை. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. நாலு பேரும் ஒரு போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

போன் அலறியது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்; பின்னணியில் எஞ்சின் சத்தம்.

“அக்கா, பஸ்ஸுக்குள்ள இருக்கிறன். நேரம் பாக்கப் போனைப் போட்டனான்... என்ன சொல்லுறாய்? வெளிக்கிடப் போகுது.”

“இறங்கடா!”

“ரிமாண்ட் எண்டு லோயரே...”

“அது நல்ல ரிமாண்டடா! இறங்கு!”

“நல்ல ரிமாண்டோ?!”

அப்பா அக்காவின் கையில் இருந்து போனை மெதுவாக வாங்கினார். ஜெயனை அவர் கண்டதே இல்லை.

“தம்பி, நான் ஊஸ்டரில இருந்து கதைக்கிறன். நான் ரிமாண்டில இருந்தவன். எனக்கு அது தெரியும். இது அது இல்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கும்.”

அந்தப் பக்கம் யாரோ ஆங்கிலத்தில் திட்டுகிற சத்தம். கதவு ‘உஸ்’ என்று திறக்கிற சத்தம். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாய்ப் போனது.

“இறங்கிட்டன் அண்ணை,” என்றான் ஜெயன்.

அண்ணை! நான் மட்டும்தான் அதைக் கவனித்தேன் என்று நினைத்தேன். செல்வி அக்கா அழுதுகொண்டே விரலை உயர்த்தி எனக்குக் காட்டினார். ‘கேட்டீரோ?’

அன்று பின்னேரம் ஜெயன் வழக்கறிஞரோடு பேசிவிட்டான். ஆறு தரம் எடுத்திருக்கிறார் அந்தப் பெண்மணி. பயமுறுத்த இல்லை, வாழ்த்துச் சொல்ல! மூன்று ஆச்சரியக்குறியும் சந்தோஷத்தில் போட்டதாம். சந்தோஷத்துக்கும் அவசரத்துக்கும் ஒரே குறி வைத்த மொழியை என்ன சொல்வது? அவர் இப்போது செல்வி அக்காவிடம் சத்தியம் செய்து எழுதிய ஒரு கூற்றுக் கேட்டிருக்கிறார். குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள், ‘அண்ணை’ என்றால் என்ன என்று.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேசையில் இருந்துதான் அக்கா அதை எழுதினார். தமிழில். மொழிபெயர்க்கப் பதிவுபெற்ற ஒருவர் இருக்கிறார். நான் செய்து தரவா என்று கேட்டுப் பார்த்தேன்... என் மொழிபெயர்ப்பில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை.

இரண்டு மணித்தியாலம் எழுதினார். அடித்தார். திரும்ப எழுதினார். முடிந்ததும் என்னிடம் நீட்டினார். எனக்குப் பிடித்த இடத்தை அவருடைய அனுமதியோடு இங்கே தருகிறேன்:

“எங்கள் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். நானும் ஜெயனும். சுவிஸில் எனக்கு முப்பது அண்ணைமார் இருக்கிறார்கள். ஒருவரையும் எங்கள் அம்மா பெறவில்லை. இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று ஒரு நீதிபதி ஐயா கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஐயா, உங்களை எல்லோரும் ‘யுவர் ஆனர்’ என்று கூப்பிடுகிறார்கள். அது உங்கள் பெயர் இல்லை என்று நீங்கள் யாருக்காவது விளக்கம் சொன்னதுண்டா? அப்படித்தான் என் தம்பியும் சொல்லவில்லை.”

நான் வாசித்துவிட்டு, திரும்பவும் முதல் வரியில் இருந்து வாசித்தேன்.

“பிழையோ தம்பி?” என்று கேட்டார். “மரியாதை இல்லாமல் கிடக்கோ?”

“இல்லை அக்கா. இதை நான் எழுதியிருந்தால் ஆறுக்கு ஆறு.”

வழக்கறிஞர் அந்த வரியை வெட்டவும் கூடும். வெட்டக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். இனி என்ன நடக்கும்? தெரியாது. ரிமாண்ட் என்றால் வென்றுவிட்டோம் என்று முழுசாகச் சொல்ல முடியாது. சபை திரும்பவும் வாசித்துவிட்டு, இந்த முறை காரணத்தோடு, மாட்டோம் என்றும் சொல்லலாம். கறை போகாத துணிகளும் உண்டு. ஆனால் தண்ணியில் போடுகிறார்களே... அதைத்தானே கேட்டோம்? ஜெயன் கடைக்குப் போய்க் கோழி பொரிக்கிறான். கதவில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறானாம், தபால்காரருக்குத் தெரியட்டும் என்று.

எழுதியதை உறையில் போட்டு, மேலங்கியை மாட்டிக்கொண்டு, செல்வி அக்கா வாசலில் நின்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

“வாறன் அண்ணை.”

“ஓம் தங்கச்சி,” என்றார் அப்பா.

அக்கா சொன்னது இரண்டே சொல். அவர் வரவில்லை, போகிறார். இவர் அண்ணை இல்லை. உறுதிமொழி எடுத்துவிட்டுச் சொல்லியிருந்தால் இரண்டும் பொய்... எங்கள் வீட்டில் அன்றைக்குச் சொல்லப்பட்ட மிகப் பெரிய உண்மையும் அதுதான், யுவர் ஆனர்.